பாதியில் நிற்கும் கைவேலைகளுக்கு நடுவே நீடில்பாயிண்ட்: எந்தக் கேன்வாஸ், எந்தத் தையல்?

ஆரிச் சட்டத்தில் ஒரு ஜாக்கெட் கை, மூலையில் கைப்பிடி போடாத ஒயர் கூடை, நடுவட்டம் மட்டும் முடிந்த குரோஷா விரிப்பு, மேட்டி துணியில் கழுத்துவரை வந்த மயில். இப்படி நான்கு வேலைகள் கிடக்கிற வீட்டில் ஐந்தாவதாக, கட்டம் கட்டமான கேன்வாஸை நூலால் முழுவதும் மூடித் தைக்கும் நீடில்பாயிண்ட் நுழையும்போது, எது அழகு, எது மலிவு என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி உண்டு. மூன்று வாரம் தொடாமல் வைத்துவிட்டு எடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா? இந்த அலசலில் எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலில்தான் நிறுத்துப் பார்க்கிறோம்.

குமரி மாவட்டத்தில், அதுவும் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில், இந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் எடை கூடும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே உண்டு. வருடத்தில் பல மாதம் காற்றில் ஈரம். எடுத்து வைத்த வேலை வைத்தபடியே இருக்காது.

கேன்வாஸ்: மூன்றில் எது?

கிராஸ் ஸ்டிச் போட்டவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: மேட்டி, ஐடா துணிகளில் பூ மட்டும் தைத்துப் பின்னணியைத் துணியாகவே விட்டுவிடலாம். நீடில்பாயிண்ட்டில் கேன்வாஸ் வெளியே தெரியக்கூடாது. ஒரு கட்டம் விடாமல் நூலால் மூட வேண்டும். அதனால் வேலையின் அளவை முடிவு செய்வது படத்தைவிட மெஷ்தான், அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை இழை ஓடுகிறது என்ற எண்.

ஒரு சதுர அங்குலத்துக்கு 7 மெஷ்ஷில் 49 தையல், 10ல் 100, 13ல் 169, 18ல் 324. டம்ளர் வைக்கும் 4 அங்குல கோஸ்டர் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 7 மெஷ்ஷில் அது 784 தையல், 10ல் 1600, 13ல் 2704, 18ல் 5184. நிமிடத்துக்கு 10 தையல் என்று வைத்தால் முதலாவது ஒன்றேகால் மணி நேர வேலை. கடைசி எட்டரை மணி நேரத்துக்கும் மேல். ஏற்கெனவே நான்கு வேலை கிடக்கிற ஒருவருக்கு இந்த வித்தியாசம்தான் முடிப்பதற்கும் முடிக்காமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

*பிளாஸ்டிக் கேன்வாஸ்.* பக்கத்துக் கடையில் கேட்டால் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். 7 மெஷ் தாள் ஒன்றில் பொதுவாக 70க்கு 90 கட்டம் இருக்கும். 28 கட்டச் சதுரமாக வெட்டினால், துண்டுகளுக்கு நடுவே ஒரு வரிசை வெட்டுக்குப் போனாலும், 6 கோஸ்டர் தேறும். வெட்டும்போது கம்பியை ஒட்டி வெட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை நறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரம் தைக்கும்போது ஒவ்வொரு முனையும் உல்லனைப் பிடித்து இழுக்கும். இது கோணாது, பிரியாது, மழையில் பூசணம் பிடிக்காது, சட்டம் கேட்காது. குழித்துறையில் ரயிலேறித் திருவனந்தபுரம் போய்வருகிறவர்கள் கைப்பையில் வைத்துத் தைக்கலாம். குறை என்னவென்றால் விறைப்பு. குஷன் உறை, பர்ஸ் போல வளைய வேண்டிய பொருளுக்கு ஆகாது. நுணுக்கமான படமும் 7 மெஷ்ஷில் படிக்கட்டு மாதிரி உடைந்து தெரியும்.

*இன்டர்லாக் மோனோ.* மோனோ என்றால் ஒற்றை இழைக் கேன்வாஸ். இதில் இழைகள் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று முறுக்கிப் பூட்டியிருக்கும். வெட்டினால் ஓரம் எளிதில் பிரியாது. எந்தத் தையலும் வழுக்காது. படம் அச்சிட்ட கிட்கள் பலவற்றிலும் இதுதான் வரும். வண்ணம் கேன்வாஸிலேயே இருப்பதால், மாதம் கழித்து எடுத்தாலும் வரைபடத்தைத் தேட வேண்டாம், கட்டம் எண்ண வேண்டாம். பல வேலைக்காரருக்கு இது பெரிய சலுகை.

*சாதா மோனோ.* இழைகள் துணி நெசவு போல மேலும் கீழுமாக ஓடும். நீட்டி இழுத்துத் தைப்பதற்கு இதுவே சிறந்தது, கோணலையும் பின்னால் சரி செய்யலாம். ஆனால் ஓரம் கட்டாமல் வைத்தால் பிரியும். ஹாஃப் கிராஸ் தையல் இதில் இழைக்கு அடியில் நழுவி மறைந்துவிடும். வெறும் கேன்வாஸில் வரைபடம் பார்த்து எண்ணித் தைத்தால், மூன்று வாரம் கழித்து எந்தக் கட்டத்தில் நின்றோம் என்று கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் போய்விடும்.

இரட்டை இழை ஓடும் பெனலோப் கேன்வாஸும் உண்டு. கற்றுக்கொள்ளும் நாளில் தேவையில்லை.

எங்கள் தேர்வு: கையில் மூன்றுக்கு மேல் பாதி வேலை இருந்தால், முதல் துண்டு 7 மெஷ் பிளாஸ்டிக், அடுத்தது 10 அல்லது 12 மெஷ் இன்டர்லாக், அதுவும் உள்ளங்கை அளவில். 18 மெஷ் பார்க்க மனசை இழுக்கும். நல்ல வெளிச்சமும் இடையூறு இல்லாத நேரமும் இரண்டும் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

ஹாஃப் கிராஸ், கான்டினென்டல், பாஸ்கெட்வீவ்

மூன்றுமே முகத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்: கீழ் இடது ஓட்டையில் ஏறி, மேல் வலது ஓட்டையில் இறங்கும் சாய்வுத் தையல். வேறுபாடு முதுகில் இருக்கிறது, பலனும் அங்கேதான்.

ஹாஃப் கிராஸில் பின்பக்கம் சின்னச் செங்குத்துக் கோடுகள் மட்டும் ஓடும். மற்ற இரண்டைவிட நூல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். தேய்மானம் தாங்காது, சுவரில் மாட்டும் படத்துக்குப் போதும், உட்காரும் இருக்கைக்குப் போதாது.

கான்டினென்டலில் வலமிருந்து இடமாக ஒரு வரிசை, பிறகு கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பி அடுத்தது. பின்பக்கம் நீளமான சாய்கோடுகள் நெருக்கமாக நிற்கும்; உறுதி. வரிசை முடிவில் நிறுத்தினால் திரும்பத் தொடங்குவதில் குழப்பமே இல்லை. ஆனால் எல்லா இழுப்பும் ஒரே பக்கமாக விழுவதால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். பெரிய பின்னணியை இதில் நிரப்பினால் கோணலை எடுக்க இரண்டு மூன்று முறை நனைத்து இழுக்க வேண்டியிருக்கும்.

பாஸ்கெட்வீவ் மூலைவிட்டமாக ஓடும். மேல் வலது மூலையில் தொடங்குங்கள். இறங்கு வரிசையில், தையலின் மேல் வலது ஓட்டையில் ஊசியை நுழைத்து, நேர் கீழே இரண்டு இழை தாண்டி வெளியே எடுக்க வேண்டும். ஊசி செங்குத்தாக நிற்கும். ஏறு வரிசையில் அதே போல நுழைத்து, இடப்பக்கமாக இரண்டு இழை தாண்டி எடுக்க வேண்டும். ஊசி படுக்கையாக நிற்கும். ஒரு வரிசை இறங்கினால் அடுத்தது ஏற வேண்டும். பின்பக்கம் கூடை முடைந்தது போல வரும். இழுப்பு இரு திசையிலும் சமமாகப் போவதால் கேன்வாஸ் அதிகம் கோணாது. நல்ல உழைப்பு தாங்கும்.

இத்தனை நல்ல தையலுக்கு ஒரே எதிரி இடைவெளி. விட்டு எடுக்கும்போது ஏற வேண்டிய இடத்தில் மறுபடி இறங்கிவிட்டால், பக்கத்துப் பக்கத்தில் ஒரே திசை வரிசைகள் இரண்டு விழும். தைக்கும்போது தெரியாது. முடித்த பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மேட்டுக்கோடு ஒன்று குறுக்கே ஓடும். பிரிப்பதைத் தவிர வழியில்லை. இதைத் தவிர்க்க மூன்று பழக்கங்கள் உண்டு.

முதலாவது, எப்போதும் வரிசையின் நடுவில் நிறுத்துங்கள். முடிவில் நிறுத்தாதீர்கள். பாதி வரிசை எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று தானே காட்டும். இரண்டாவது, சந்தேகம் வந்தால் புரட்டிப் பாருங்கள்: கடைசி வரிசையின் முதுகில் செங்குத்துக் கோடுகள் இருந்தால் அது இறங்கியது, படுக்கைக் கோடுகள் இருந்தால் ஏறியது. மூன்றாவது சாதா மோனோவுக்கு மட்டும் பொருந்தும்: தைக்கப்போகிற சந்திப்பில் செங்குத்து இழை மேலே தெரிந்தால் அந்த வரிசை இறங்கு வரிசை, படுக்கை இழை மேலே இருந்தால் ஏறு வரிசை. கேன்வாஸே வழி சொல்லும். இன்டர்லாக்கில் இழைகள் முறுக்கிப் பூட்டியிருப்பதால் இந்தக் குறி தெரியாது. அடிக்கடி விட்டு எடுக்கிறவர் பாஸ்கெட்வீவில் கை பழகிவிட்டால், சாதா மோனோவுக்கு மாறத் தகுந்த காரணம் இதுதான்.

ஒரே பரப்பில் இரண்டு தையலைக் கலக்காதீர்கள். நாள்கணக்கில் விட்டு எடுப்பவர்களுக்கு அறியாமலே நடக்கும் தவறு இது. ஹாஃப் கிராஸில் பாதி, கான்டினென்டலில் பாதி என்று போனால் பின்பக்கத் தடிமன் மாறி, முகத்தில் திட்டு விழும்.

நூலும் ஊசியும்

ஊசி மொட்டை முனையுள்ள டேபெஸ்ட்ரி ஊசி. 7 மெஷ்ஷுக்கு 16ஆம் எண், 10க்கு 18, 12 முதல் 14 வரை 20, 18 மெஷ்ஷுக்கு 22. கேன்வாஸ் ஓட்டையை அகட்டாமல், அதே நேரம் நூலை நசுக்காமல் போக வேண்டும்.

பிளாஸ்டிக்குக்கு வர்த்தமான், ஓஸ்வால் மாதிரி 4 பிளை அக்ரிலிக் உல்லன் சரி. 10க்குப் 10 தையல் போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தால் இரட்டை இழை. துணிக் கேன்வாஸில் இந்தப் பின்னல் உல்லன் இழுபட்டு மெலிந்து, நுனியில் பஞ்சாகும். அங்கே டேபெஸ்ட்ரி உல்லன் அல்லது பருத்தி. ஆங்கர் ஸ்ட்ராண்டட் நூல் 8 மீட்டர் கட்டு, 6 இழை. 13 மெஷ்ஷுக்கு ஆறையும் சேர்த்தே போடுங்கள், 18க்கு 4 இழையில் தொடங்கிப் பார்க்கலாம். எந்த நூலானாலும் 45 செ.மீ.க்கு மேல் வெட்ட வேண்டாம். ஒவ்வொரு ஓட்டையும் நூலைத் தேய்க்கும்.

நம் ஊர் ஈரத்தில் பருத்தியே எங்கள் தேர்வு. அசல் கம்பளியை அந்துப்பூச்சி அரிக்கும். பருத்திக்குப் பூசணம் வரலாம், ஆனால் வாரம் ஒருமுறை நிழலில் காற்றாட விரித்தால் தடுத்துவிடலாம்.

மயிலுக்கு வாங்கிய பச்சையை நீடில்பாயிண்ட்டுக்கு எடுக்கும் ஆசை வரும். எடுத்தால் மயில் அங்கேயே நின்றுவிடும். பின்னணி நிறத்தை முழுவதும் ஒரே தடவையில் வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்தின் சாலை பஜாரிலோ அதே எண் கிடைத்தாலும் சாயத் தொகுதி (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்) வேறாக இருக்கலாம். வேறுபாடு நேர்க்கோடாகத் தெரியும். எவ்வளவு வேண்டும் என்று அறிய, ஒரு சதுர அங்குலம் தைத்து, செலவான நீளத்தை மொத்தப் பரப்பால் பெருக்கி, அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமா, கையிலா?

ஆரி போடுகிறவர் வீட்டில் சட்டம் இருக்கும், ஆனால் அதில் ஜாக்கெட் ஏறியிருக்கும். நீடில்பாயிண்ட்டையும் அதற்கே போட்டியாக விட்டால் இரண்டும் நகராது. பாஸ்கெட்வீவைக் கையில் வைத்துத் தைத்தாலே போதும். சட்டம் காலியானபின் ஏற்ற விரும்பினால், கேன்வாஸைச் சுற்றி 2 அங்குல வெற்று ஓரம் விட்டு, பழைய வேட்டித் துணியில் 5 செ.மீ. பட்டை வைத்துத் தைத்து, அந்தப் பட்டையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். வட்ட வளையம் வேண்டவே வேண்டாம். இறுக்கிய இடத்தில் கேன்வாஸின் கஞ்சி உடைந்து, மடிப்பு நிரந்தரமாகும்.

ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுவது விரைவு. ஒரே மாதத்தில் முடிகிற வேலைக்குச் சரி. நீண்ட நாள் கிடக்கப்போகிறது என்றால் கோடை வெயிலில் பசை உருகிக் கேன்வாஸில் இறங்கும். துணிப் பட்டையே நல்லது.

ஐந்தையும் எப்படி ஓட்டுவது?

ஒன்றை முடித்துத்தான் அடுத்தது என்கிற முறை கேட்க நன்றாக இருக்கும். தவணை உள்ள வேலைக்கு அது கட்டாயமும்கூட: ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டைத் தள்ளிவைக்க முடியாது. மற்றவற்றுக்கு இந்த முறை நிலைப்பதில்லை. கிழமைக்கு ஒன்று என்று பிரிப்பதும், வீட்டில் விருந்தாள் வந்த முதல் வாரத்திலேயே குலைந்துவிடும்.

இடத்துக்கு ஒன்று என்பதே நடைமுறையில் நிற்கிறது. சட்டத்தில் ஆரி, திண்ணையில் ஒயர் கூடை, பையில் நீடில்பாயிண்ட். ஒவ்வொன்றுக்கும் தனி ஊசி, தனிக் கத்தரி. குரோஷாவை நடுவில் விட்டால் அதிகம் பாதிக்கும். மாதம் கழித்துக் கை இறுக்கம் மாறி, புது வட்டம் பழையதைவிடச் சுருங்கும் அல்லது அகலும். அதனால் எதை முதலில் முடிப்பது என்று தயங்கினால் குரோஷாவை முடியுங்கள். நீடில்பாயிண்ட்டில் கேன்வாஸ் அளவைப் பிடித்து வைத்திருப்பதால் அந்தப் பயம் குறைவு. மிஷனரி ஒருவரின் மனைவியான மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த, தலையணைமேல் வைத்துப் பின்னும் லேஸோ தலையணையை விட்டு நகராது. அதோடு ஒப்பிட்டால், பையில் போடக்கூடிய இந்த வேலை பல வேலைக்காரருக்கு நல்ல துணை.

எடுத்து வைக்கும்போது ஓர் அட்டையில் ஐந்து விவரம் எழுதிக் கேன்வாஸின் ஓரத்தில் நூலால் கட்டுங்கள்: மெஷ், ஊசி எண், இழை எத்தனை, தையலின் பெயரும் கடைசி வரிசையின் திசையும், நிற எண்ணும் சாயத் தொகுதியும். குண்டூசியால் குத்தாதீர்கள். தைத்த இடத்தில் ஊசியையும் விடாதீர்கள். குளச்சல் பக்கத்து உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும், துருக்கறை போகாது. பையும் பருத்திப் பையாக இருக்கட்டும். பாலித்தீன் பையில் மூடிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும், கேன்வாஸின் கஞ்சியைத் தேடி ராமபாணப் பூச்சியும் கரப்பானும் வரும்.

கோணலை எடுப்பது

பிளாஸ்டிக்குக்கு இந்தப் படியே கிடையாது. துணிக் கேன்வாஸுக்கு முதலில் ஈர வெள்ளைத் துணியால் சிவப்பையும் நீலத்தையும் அழுத்திப் பார்த்து, சாயம் இறங்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். படம் அச்சிட்டதானால் ஓரத்து அச்சு மையையும் அப்படியே சோதியுங்கள். பிறகு தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, கட்டம் வரைந்த பலகையில் முகம் கீழாக வைத்து, எதிர்மூலைகளைப் பிடித்து இழுத்து, துருப்பிடிக்காத ஆணியால் அங்குலத்துக்கு ஒன்றாக அடிக்க வேண்டும். வெயில் நாளில் ஒரு நாள் நிழலில் காய்ந்தால் போதும். ஆடி மழையில் மூன்று நாளானாலும் ஆணியை எடுக்காதீர்கள். உள் ஈரத்தோடு எடுத்தால் சதுரம் பழைய சாய்வுக்கே திரும்பிவிடும்.