ரெய்டு 1 கணினியில் டெபியனின் கிரப்-பிசி: அப்கிரேடில் விட்டுப்போகும் இரண்டாவது டிஸ்க்

ஒரே தரவு இரண்டு டிஸ்கிலும் இருக்கும்படி ரெய்டு 1 மிரராகப் போட்டு, பயாஸ் முறையில் பூட் ஆகும் சர்வரில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறதென்றால், அதை எழுப்பிவிடும் பொறுப்பு கிரப் என்ற பூட்லோடரை நிறுவும் கிரப்-பிசி பேக்கேஜுடையது. எம்டி ரெய்டு (லினக்ஸின் மென்பொருள் ரெய்டு), அதன்மேல் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துக்கொடுக்கும் அடுக்கு), அதற்குள் பூட் டைரக்டரி என்று எப்படி அடுக்கினாலும் கிரப் படித்துவிடுகிறது. அந்த வகையில் முழு மதிப்பெண் கொடுக்கலாம். சறுக்குவது அப்கிரேடின்போதுதான்.

கிரப் இரண்டு பாகமாக இருக்கிறது. டிஸ்கின் முதல் செக்டரான எம்பிஆரும், முதலில் ஓடும் பகுதியான கோர் இமேஜும் மிரருக்கு வெளியே, ஒவ்வொரு டிஸ்கிலும் தனித்தனியாக எழுதப்படுகின்றன. கோர் இமேஜ் பிறகு ஏற்றிக்கொள்ளும் மாட்யூல்கள் பூட் டைரக்டரியில், மிரருக்கு உள்ளே இருக்கின்றன. ஒரு டிஸ்குக்கு மட்டும் கிரப்பை எழுதும் கிரப்-இன்ஸ்டால் கட்டளை ஓடினால் புது மாட்யூல்கள் இரண்டு டிஸ்கிலும் வந்து உட்கார்ந்துவிடும். மற்ற டிஸ்கின் கோர் இமேஜ் மட்டும் பழையதாகவே கிடக்கும். மிரர் தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் இந்தப் பொருத்தக்கேடே வருகிறது.

2020 ஜூலையில் கிரப்பில் இருந்த பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த அப்டேட்டில் இது பலரைக் கவிழ்த்தது. புது மாட்யூல்கள் 'கிரப்_காலாக்' என்ற புது ஃபங்ஷனைத் தேடின, பழைய கோர் இமேஜில் அது இல்லை. திரையில் 'சிம்பல் கிரப்_காலாக் நாட் ஃபவுண்ட்', அதன்கீழ் கிரப் ரெஸ்க்யூ ப்ராம்ப்ட் (சில கட்டளைகள் மட்டும் ஏற்கும் அவசரநிலை). அங்கே மாட்யூலை ஏற்ற 'இன்ஸ்மாட் நார்மல்' என்று எத்தனை முறை தட்டினாலும் அதே பிழைதான் வரும். நேரத்தை வீணாக்காமல் பயாஸ் பூட் மெனுவுக்குப் போய் மற்ற டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். அதில் புது கோர் இமேஜ் இருந்தால் கணினி எழுந்துவிடும்.

எழுந்ததும் முதலில் 'டெப்கான்ஃப்-ஷோ கிரப்-பிசி' ஓட்டி, 'இன்ஸ்டால்_டிவைசஸ்' வரியைப் பாருங்கள். எந்தெந்த டிஸ்கில் எழுத வேண்டும் என்பதை இந்தப் பேக்கேஜ் மாடல் பெயர், சீரியல் எண்ணோடு அங்கேதான் குறித்துவைத்திருக்கிறது. பட்டியலில் இருந்த டிஸ்க் காணாமல் போயிருந்தால் அடுத்த அப்கிரேடில் கேள்வி கேட்கும். ஆரம்பத்திலிருந்தே ஒரே டிஸ்க்தான் பட்டியலில் இருக்கிறது என்றால் ஒரு வார்த்தை கேட்காது, அந்த ஒன்றில் மட்டும் எழுதிவிட்டு முடித்துக்கொள்ளும். இந்தப் பேக்கேஜின் பெரிய குறை இதுதான். பூட் டைரக்டரி ரெய்டு 1-இல் இருப்பது அதற்குத் தெரியும். விட்டுப்போன டிஸ்கைப் பற்றி ஒரு எச்சரிக்கையாவது கொடுத்திருக்கலாம்.

சரிசெய்ய 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி' ஓட்டி, வரும் பட்டியலில் ஸ்பேஸ் தட்டி இரண்டு டிஸ்கையும் டிக் செய்யுங்கள். முழு டிஸ்க்குகளை மட்டும்; பார்ட்டிஷனையோ எம்டி டிவைஸையோ தொட வேண்டாம். கையால் கிரப்-இன்ஸ்டால் ஓட்டினால் அன்றைய பிரச்சினை தீரும், பட்டியல் மாறாது. அடுத்த அப்கிரேடில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

இரண்டு டிஸ்கிலிருந்தும் எழவில்லையென்றால் லைவ் யூஎஸ்பி வேண்டும். 'எம்டிஏடிஎம்' கட்டளையால் அரேயை (இரண்டு டிஸ்கும் சேர்ந்த ரெய்டுத் தொகுப்பை) இணைத்து எழுப்புங்கள். எம்டி0 என்றிருந்தது இங்கே எம்டி127 ஆகத் தெரிந்தால் பதற வேண்டாம். ரூட்டை மவுன்ட் செய்து, பூட் தனி அரேயில் இருந்தால் அதையும் அதன் இடத்தில் மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்தபின் சிரூட்டுக்குள் (மவுன்ட் செய்த சிஸ்டத்துக்குள்ளிருந்தே கட்டளை ஓட்டும் நிலை) போய் இரண்டு டிஸ்குக்கும் கிரப்-இன்ஸ்டால் ஓட்டுங்கள். யூஎஸ்பி, பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருந்தால், 'மாட்இன்ஃபோ' ஃபைல் இல்லை என்று அது முரண்டுபிடிக்கும். டார்கெட்டாக 'ஐ386-பிசி' என்று வெளிப்படையாகச் சொன்னால் சரியாகிவிடும்.

பழுதான டிஸ்கை மாற்றும்போது ஜிபிடி (பார்ட்டிஷன் டேபிளின் புதிய வகை) டிஸ்காக இருந்தால் 1 எம்பி பயாஸ் பூட் பார்ட்டிஷன் புது டிஸ்கிலும் இருந்தாக வேண்டும், கோர் இமேஜுக்கு அதுதான் இடம். 'எஸ்ஜிடிஸ்க்' கட்டளையில் பெரிய ஆர் ஆப்ஷனால் பார்ட்டிஷன் டேபிளை நகலெடுக்கலாம். ஆனால் அந்த ஆப்ஷனை அடுத்து வருவது புது டிஸ்கின் பெயர், கடைசியில் வருவதுதான் நல்ல டிஸ்க். மாற்றிப் போட்டால் நல்ல டிஸ்கின் டேபிள் போய்விடும், என்டர் தட்டுமுன் சீரியல் எண்ணை ஒருமுறை ஒத்துப்பாருங்கள். நகலெடுத்த பிறகு பெரிய ஜி ஆப்ஷனால் அடையாள எண்களைப் புதிதாக்கி, அரேயில் சேர்த்து, கையோடு ரீகான்ஃபிகரையும் முடித்துவிடுங்கள்.

யூஇஎஃப்ஐ கணினிக்கு இது பொருந்தாது. அங்கே பேக்கேஜே வேறு. பூட்லோடர் இருக்கும் ஈஎஸ்பி பார்ட்டிஷனை ஒன்றுக்கு மேல் வைத்துப் பராமரிக்க உபுன்டு 20.04-இலிருந்து வசதி இருக்கிறது.

வேலை முடிந்ததும் சோதிக்க கேபிளைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அரே உடையும், திரும்பச் சேர்த்து சிங்க் முடியும்வரை காத்திருக்க வேண்டும். பூட் மெனுவில் ஒருமுறை முதல் டிஸ்க், மறுமுறை இரண்டாவது டிஸ்க் என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இரண்டிலும் கிரப் மெனு வந்து, கெர்னல் லோடாகி, ரெய்டு நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் இரண்டு 'யூ' (இரண்டு டிஸ்கும் நலம் என்ற குறி) தெரிந்தால் வேலை சுத்தம்.