கட்டடத்துக்குள் பார்க்கிங்கா, ஊருக்குப் பொதுவாகவா?

கட்டடத்தின் பயன்பாட்டையும் பரப்பையும் பார்த்து, இத்தனை வண்டிக்கு இடம் விட வேண்டும் என்கின்றன தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள். வேலூரில் சத்துவாச்சாரி பக்கம் எழும் அடுக்குமாடிகளுக்கு இது சரி. மனை பெரிது, குடியிருப்பவரின் வண்டியும் ராத்திரி தெருவில் நிற்காது.

லாங் பஜாரில் கதை வேறு. ஒரு கார் நிற்க 2.5க்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர் வேண்டும். உள்ளே வந்து திரும்பிப் போக வழியும் விட்டால் ஏறத்தாழ இரட்டிப்பு. குறுகலான மனையில் அப்புறம் கடைக்கு என்ன மிஞ்சும்? வரைபடத்தில் பார்க்கிங்காக இருந்த தரைத்தளம் குடோனாக மாறுவதும் நாம் பார்க்காததா! பஸ்ஸில் வந்து இறங்குபவரும் அந்த இடத்துக்கான செலவைப் பொருளின் விலையில் சேர்த்தே கொடுக்கிறார்.

இன்னொரு வழி, இந்தக் கட்டாய எண்ணிக்கையையே எடுத்துவிடுவது. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இல் அப்படித்தான் செய்தது. எவ்வளவு இடம் விடுவது என்பதைக் கட்டுபவரே முடிவு செய்யலாம். ஆனால் சாலையோரம் இலவசமாக இருக்கும்வரை எல்லாரும் அங்கேதான் நிறுத்துவார்கள். அதனால் அங்கே கட்டணம் வேண்டும், அதைக் கறாராக வசூலிக்க ஆளும் வேண்டும். நடந்துபோகும் தூரத்தில் ஒரு பொது நிறுத்துமிடமும் இருந்தால், பஜாருக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் பழைய விதியே இருக்கட்டும். நோயாளியோடு வருபவரைத் தெருத் தெருவாக இடம் தேட விட முடியாது.