மூக்கைப் பிடித்து ஊதுவதா, நாக்கால் தள்ளுவதா? விமானக் காதடைப்புக்கு இரண்டு வழிகள்

விமானம் இறங்கியதும் காது அடைத்துக்கொள்வதும், காதுக்குள் ஏற்கெனவே இருக்கும் இரைச்சல் அதோடு சேர்ந்து கூடிவிடுவதும் எனக்குப் பழகிப்போன தொல்லை. எல்லோரும் சொல்லும், மூக்கைப் பிடித்து ஊதும் வல்சால்வா முறையை விட்டுவிட்டு, நாக்கால் காற்றைத் தள்ளும் பிரென்செல் முறைக்கு மாறிவிட்டேன். காது இரைச்சல் உள்ளவர்களுக்கு இதுதான் மேல் என்று நினைக்கிறேன்.

சின்ன வழிகளை முதலில் பார்த்துவிடலாம். எச்சில் விழுங்குவது, கொட்டாவி விடுவது, மிட்டாய் சப்புவது எல்லாம் லேசான அடைப்புக்குப் போதும். அழுத்தத்தைச் சீராக்கும் காது செருகிகள் மாற்றத்தை மெதுவாக்கும், ஆனால் காதையும் மூக்கையும் இணைக்கும் குழாயைத் திறக்காது. எனக்கு அவற்றில் பெரிய பழக்கமும் இல்லை. ஆக்சிமெட்டாசோலின் மூக்கு ஸ்பிரே, சளி இருக்கும்போது கைகொடுக்கும். இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே அடித்துக்கொள்ள வேண்டும். 3 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மூக்கடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

சரி, முக்கியமானதற்கு வருவோம். பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். இறங்கும்போது வெளி அழுத்தம் கூடுகிறது. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவியில் குறைவாகவே இருக்கிறது. மூக்கின் பின்பக்கத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழாய் திறந்தால்தான் இரண்டும் சமமாகும். இந்த வித்தியாசம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டினால், குழாய் ஒட்டிக்கொண்டு தொண்டைத் தசைகளால் திறக்க முடியாமல் போய்விடும். கடல்மட்டம் வரை இறங்கும் விமானத்தில் மொத்த மாற்றம் இதைப்போல் இரண்டு மடங்கு வரை போகலாம். இறங்கும் நேரத்தில் எச்சில் விழுங்காமல் தூங்கிவிடுபவர்கள் அதிகம் அவதிப்படுவது இதனால்தான்.

இத்தாலிய உடற்கூறியலாளர் அந்தோனியோ வல்சால்வா 1704-இல் விவரித்த முறை எளிது: வாயை மூடி, மூக்கைப் பிடித்து, மூச்சை வெளியே தள்ள வேண்டும். சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, பலருக்கு வேலையும் செய்கிறது. ஆனால் தள்ளுவது நுரையீரல். காது திறக்கவில்லை என்றால் இன்னும் பலமாக ஊதத்தான் தோன்றும். அப்படி முக்கும்போது மார்பிலும் தலையிலும் அழுத்தம் ஏறி, அது உட்செவியின் திரவம் வரை போகிறது. நடுச்செவியிலோ அழுத்தம் குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வட்டச் சாளரத்தின் மெல்லிய சவ்வு கிழிந்தால் கேட்கும் திறன் குறையும், தலை சுற்றும், இரைச்சல் கூடும். அரிதாகவே நடக்கும். என்றாலும், ஏற்கெனவே இரைந்துகொண்டிருக்கும் காதை வைத்துக்கொண்டு அந்த வாய்ப்பை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிரென்செல் முறையில் நுரையீரலுக்கு வேலையே இல்லை. ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரென்செல் இதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் டைவ் பாம்பர் விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். கனமான ஒன்றைத் தூக்கும் முன் மூச்சை நிறுத்துவதுபோல் தொண்டையை அடைத்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பொத்தி, 'க்' என்று சொல்லப்போவதுபோல் நாக்கின் பின்பகுதியை மேலே தள்ளுங்கள். வாய்க்கும் மூக்குக்கும் இடையிலுள்ள கொஞ்சக் காற்று மட்டும்தான் அழுந்தும். மார்பில் முக்கல் இல்லாததால் உட்செவித் திரவத்தின் அழுத்தமும் ஏறாது. கண்ணாடியில் பார்த்தால், பிடித்த மூக்கு லேசாக உப்ப வேண்டும், மார்பும் வயிறும் அசையக்கூடாது. அசைந்தால் நீங்கள் செய்வது வல்சால்வாதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இது உடனே வராது, தரையில் இருக்கும்போதே பழக வேண்டும். சிலருக்கு நாக்கு பிடிபடவே நாளாகிறது. சிறு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் எனக்கு இல்லை. அவர்களுக்குப் பால் குடிப்பதோ மிட்டாயோதான் நடைமுறையில் முடியும். எந்த முறையானாலும் விமானம் இறங்கத் தொடங்கியதுமே ஆரம்பித்து, காது இறுகும் முன் லேசாக, அடிக்கடி செய்ய வேண்டும். வலித்த பிறகு செய்வதில் பிரென்செலும் பெரிதாக உதவியதில்லை.

காது திறந்த பிறகும் இரைச்சல் கொஞ்ச நேரம் நிற்கலாம். அடைத்த காதில் வெளிச்சத்தம் குறைவதால் உள்சத்தம் பெரிதாகத் தெரியும். அடைப்பு விலக விலக அதுவும் பெரும்பாலும் தணியும். முழு அமைதியில் படுக்காமல் மின்விசிறிச் சத்தம் போல ஏதாவது ஓடவிட்டால் தூக்கம் வரும். ஆனால் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலோ, தலை சுழன்றாலோ அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். உட்செவி பாதிப்பால் வரும் திடீர் செவிக்குறைவுக்கு ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அதுவரை வல்சால்வா, பிரென்செல் இரண்டுமே வேண்டாம்.