கூரை சோலார் போட்டு மூணரை வருசம்: மத்தியானம் ஆனா ஏன் நின்னுச்சு

பினாங்கு குளுகோர்ல எங்க வீடு, ரெண்டு மாடி டெரஸ். 2022 ஆகஸ்ட்ல கூரையில 410 வாட் பேனல் 12 போட்டோம், மொத்தம் 4.92 கிலோவாட். பேனல் கரண்டை வீட்டு கரண்டா மாத்துற இன்வெர்டர் 4 கிலோவாட், ஏன்னா மிச்ச கரண்டை லைனுக்கு அனுப்பி பில்லுல கழிச்சுக்கிற நெம் ராக்யாட் திட்டத்துல அப்ப சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு அவ்ளோதான் அனுமதி. மீட்டரை மாத்தி ரெண்டு பக்கமும் ஓடுற மீட்டர் வெச்சாங்க.

முதல்ல பில்லைப் பத்தி சொல்லிடுறேன், நிறைய பேர் இதுலதான் குழம்புறாங்க. இன்வெர்டர் ஆப்ல மாசம் 500 யூனிட் உற்பத்தின்னு காட்டும், பில்லுல எக்ஸ்போர்ட், அதாவது லைனுக்கு அனுப்புனது, 350தான் இருக்கும், உடனே "150 எங்க போச்சு"ன்னு கேப்பாங்க. அது எங்கயும் போகல, பகல்ல ஃப்ரிட்ஜு, வாஷிங் மெஷின், அம்மா ரூம் ஏர்கோன் எல்லாம் நேரா எடுத்துக்கிட்டது, மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. எங்க வீட்டுக்கு மாசம் 720 யூனிட் வேணும். ராத்திரிக்கும் மழைக்கும் லைன்லேர்ந்து எடுத்தது 570, அனுப்புனது 350, கழிச்சா 220க்குத்தான் காசு. பழைய கட்டணத்துல மேல இருக்கிற 54.60 சென், 51.60 சென் யூனிட்டுங்கதான் முதல்ல கழியும், அதனாலதான் 300 ரிங்கிட் பக்கம் வந்த பில்லு 50க்கு இறங்குச்சு. தைப்பூசம் சமயத்துல பினாங்குல மழை ரொம்பக் கம்மி, 580 யூனிட் வரைக்கும் பாத்திருக்கேன், தீபாவளி பக்கம் மழைல 400 தாண்டுறதே கஷ்டம்.

இப்ப பிரச்சனைக்கு வரேன். ரெண்டாவது வருசம், நல்ல வெயில் மாசத்துலயே 410தான் வந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை இன்வெர்டர் முன்னாடியே நாற்காலி போட்டு உக்காந்தேன். 11:52க்கு டக்குனு ஒரு சத்தம், பச்சை லைட்டு சிவப்பாச்சு, கிரிட் ஓவர்வோல்டேஜ், அதாவது லைன்ல வோல்டேஜ் அதிகம்னு வந்துச்சு, கொஞ்ச நேரத்துல தானா ஓடுச்சு, 12:20க்கு மறுபடி நின்னுச்சு. நல்லா வெயில் அடிக்கிற நேரமாப் பாத்து நிக்குது! மாட்டிக் குடுத்த கம்பெனிக்கு நாலு தடவை போன் பண்ணேன், "லைன் வோல்டேஜ்தான் சார் காரணம், நாங்க என்ன பண்றது"ன்னு அதையேதான் சொன்னாங்க.

தெரிஞ்ச வயர்மேன் அண்ணன் ஒருத்தர் வந்து ரெண்டு இடத்துல அளந்தாரு. முன்வாசல்ல மெயின் ஸ்விட்சுங்க இருக்கிற டிபி பாக்ஸ்ல 247 வோல்ட். பின்னாடி அடுப்படி சுவத்துல இருக்கிற இன்வெர்டர்ல 254. நம்ம மலேசியாவுல 230 வோல்ட், மேல 10 சதவீதம் வரைக்கும் ஏறலாம், அதாவது 253, அதைத் தாண்டினதாலதான் இன்வெர்டர் நின்னுச்சு. அப்ப லைன் சரியாத்தான் இருக்கு, நடுவுல இருக்கிற கேபிள்தான் 7 வோல்ட்டைக் கூட்டுது. கரண்டை வெளிய தள்ளணும்னா இன்வெர்டர் லைனை விட கொஞ்சம் ஒசந்த வோல்ட்டுல நிக்கணும், கேபிள் மெலிசா நீளமா இருந்தா இன்னும் ஒசரணும். "தம்பி, 28 மீட்டருக்கு ரெண்டரை எம்எம் கேபிள் போட்டிருக்கானுங்க, 17 ஆம்ப்ஸை அது தாங்கும், ஆனா வோல்டேஜ் ஏறாம இருக்குமா"ன்னாரு. 10 எம்எம் கேபிள் மாத்தினோம். வித்தியாசம் 2 வோல்ட்டுக்குள்ள வந்துடுச்சு, அதுக்கப்புறம் ஒரு தடவை கூட நிக்கல. காசு நான்தான் கட்டினேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

இன்னொண்ணு, கரண்டு போனா சோலாரும் நின்னுடும். "கூரை பூரா பலகை வெச்சிருக்கே, ஒரு ஃபேன் ஓடலியாய்யா"ன்னு அம்மா கேட்டாங்க. லைனை ரிப்பேர் பண்ண வர்றவரு செத்த லைன்னு நெனச்சு கை வெக்கிறப்ப நம்ம வீட்டு கரண்டு அதுல ஓடினா அவரு உயிரு போயிடும்மா, அதனாலதான் அது தானா நிக்குதுன்னு சொன்னேன், அப்புறம் அவங்க கேக்கல. பேட்டரியும் தனி பேக்கப் லைனும் இருந்தாத்தான் அந்த நேரத்துல ஓடும், நாங்க இன்னும் போடல.

நெம் 2025 ஜூனோட முடிஞ்சிடுச்சு, எங்களுக்கு பத்து வருசம் வரைக்கும் பழையபடிதான். இப்ப புதுசா போடுறவங்களுக்கு சோலார் அத்தாப்னு வேற திட்டம், அதுல மிச்சமான கிரெடிட் அடுத்த மாசத்துக்குப் போகாது, அதனால பகல்ல வீட்டுல என்ன ஓடுதுன்னு பாத்து அளவா போடுங்க, கூரை காலியா இருக்கேன்னு ரொப்பிடாதீங்க. கொட்டேஷன் வாங்குறப்ப பேனல் பிராண்டு கேக்குற மாதிரியே இன்வெர்டர்லேர்ந்து டிபி வரைக்கும் எத்தனை மீட்டர், எத்தனை எம்எம் கேபிள்னு எழுதி வாங்குங்க. பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் டேப் புடிச்சு அளந்தாங்க, இன்வெர்டரை முன்வாசலுக்கே மாத்தச் சொல்லிட்டாங்க, அவங்களுக்கு 6 மீட்டர்தான்.