பிளைவூட் பெட்டிக்குள் காகமும் நரியும்: ஒரு காமிஷிபாய் மேடையின் மதிப்பீடு

பெட்டி நன்று, படங்கள் பரவாயில்லை, அட்டைகளின் பின்பக்கத்து எழுத்துத்தான் கதையைக் கெடுக்கிறது. கொழும்பில் தச்சுப் பட்டறையொன்று முன்பள்ளிகளுக்கும் சிறுவர் கதைநேரங்களுக்கும் செய்து கொடுக்கும் காமிஷிபாய் மேடையையும் (பட அட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கதை சொல்லும் பெட்டி), அதனுடன் வரும் இரண்டு அட்டைத் தொகுதிகளையும் பற்றியது இந்த மதிப்பீடு. ஒன்று வடை கவ்விய காகத்தின் கதை. மற்றது பானைக்குள் தலை மாட்டிய ஆட்டுக்கு, தன்னை அறிஞனென்று நினைக்கும் முட்டாள் குரு மகாதெனமுத்தா வழி சொன்ன சிங்களக் கதை. இரண்டிலும் 12 அட்டைகள்.

காமிஷிபாய் ஜப்பானியரின் காகித நாடகம். 1930 அளவில் டோக்கியோத் தெருக்களில் பரவியது. கதைசொல்லி சைக்கிளில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார், இரண்டு மரக்கட்டைகளைத் தட்டிப் பிள்ளைகளைக் கூட்டுவார், இனிப்பு விற்பார், பிறகுதான் கதை. நம் ஒழுங்கைகளில் பாண் விற்று வரும் சூன் பாண் ஓட்டோவின் இசை கேட்டுப் பிள்ளைகள் கேற்றடிக்கு ஓடுவதைப் போலத்தான். 1950களில் தொலைக்காட்சி வந்து அந்தத் தெருத்தொழிலைப் படுக்க வைத்தது. வகுப்பறையிலும் நூலகத்திலும் கலை தப்பிப் பிழைத்தது.

பெட்டி 6 மில்லிமீற்றர் பிளைவூட்டில் செய்தது. முன்னால் மூன்று கதவுகள். உள்ளளவு நீளம் 42.6, உயரம் 30.3 செ.மீ. ஏ3 தாள் (42 x 29.7) இறுக்கமில்லாமல் நுழைந்து வெளிவர இவ்வளவு இடைவெளி போதும். அட்டைகள் நிற்கும் காடியின் அகலம் 1.2 செ.மீ.; 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) ஆர்ட் போட்டில் 16 அட்டை வரை தாராளமாக நிற்கும். தச்சர்கள் "கொஞ்சம் லூசாக இருக்கட்டும்" என்று இதை 2 செ.மீ. ஆக்கிவிடுவார்கள். விடாதீர்கள். அகலம் கூடினால் அட்டைகள் சரிந்து, ஒன்றை இழுக்க இரண்டு வரும். முன்சட்டம் நாலு பக்கமும் ஒவ்வொரு செ.மீ. மறைக்கும் என்பதையும் படம் வரைபவரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். இந்தத் தொகுதியின் ஐந்தாம் அட்டையில் நரியின் வால் நுனி சட்டத்துக்குள் போய்விடுகிறது. உட்புறம் மங்கலான கறுப்புப் பூச்சு, நல்ல யோசனை. வெளிப்புறத்துக்கு அடித்திருக்கும் பளபளப்பு வார்னிஷ் ரியூப் லைட்டைத் திருப்பிப் பிள்ளைகளின் கண்ணில் அடிக்கிறது.

இனி இழுப்பு. காமிஷிபாயின் உயிர் அதில்தான் இருக்கிறது. அட்டை, பார்க்கும் பிள்ளைகளுக்கு இடப்பக்கமாக வெளியே போகும். அப்படியென்றால் அடுத்த படம் அவர்களுக்கு வலப்பக்கத்திலிருந்து திறக்கும். இடது ஓரம் கடைசியாகத்தான் தெரியும். ஆச்சரியத்தை இடது பாதியில் ஒளித்துவைக்க வேண்டும், ஓடுபவரையும் பறப்பவரையும் இடப்பக்கம் பார்க்க வரைய வேண்டும். மகாதெனமுத்தா தொகுதியில் இது அழகாக அமைந்திருக்கிறது. ஏழாம் படத்தின் வலப்பாதியில் ஐந்து சீடர்களும் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். ஆறாம் அட்டையைப் பாதிவரை இழுத்து நிறுத்தினால் தெரிவது அந்த முகங்கள் மட்டுமே. "என்னத்தைப் பார்க்கிறாங்கள்?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். மூன்று வரை மனதுக்குள் எண்ணிவிட்டு மீதியை இழுத்தால், பானைக்குள் தலையோடு ஆடு. காகத் தொகுதியிலோ எட்டாம் படத்தில் விழும் வடை வலது மூலையில் கிடக்கிறது. அட்டை இரண்டு அங்குலம் நகருமுன்னே இரகசியம் வெளியாகிவிடுகிறது. இதற்கு ஒரே பரிகாரம், "கா!" என்று கத்திய அதே கணத்தில் ஏழாம் அட்டையை ஒரே இழுவையில் எடுப்பது. மெதுவாக இழுத்தால் அந்த இடம் செத்துவிடும்.

ஆட்டின் தலையை வெட்டிவிட்டு, பிறகு பானையையும் உடைக்கும் இடம் நாலு வயதுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கடுமை. அந்த அட்டையில் நின்று விளக்காமல் கடந்து, பானை உடைந்த படத்தில் நிறுத்துவது நல்லது. சிரிப்பு அங்கேதான் வரும்.

பின்பக்கத்துக்கு வருவோம். முதல் படத்துக்கான வசனம் கடைசி அட்டையின் முதுகில் இருக்க வேண்டும். முதல் அட்டையின் முதுகில் இரண்டாம் படத்தின் வசனம், இப்படியே தொடரும். இழுத்த அட்டை பின்னால் போய்ச் சேர்வதால் இந்த ஏற்பாடு. சொந்தமாகத் தொகுதி அச்சடிக்கும் ஆசிரியைகள் வழமையாகத் தவறுவது இந்த இடத்தில்தான். அச்சகத்தில் இரண்டு பக்கமும் அடிக்கும்போது தாளின் குட்டைப் பக்கத்தால் திருப்பச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து தலைகீழாக வரும். எழுத்து 18 புள்ளிக்குக் குறையக்கூடாது. இந்தத் தொகுதியில் 12 புள்ளி! மூன்று மொழியையும் ஒரே முதுகில் திணித்ததன் விளைவு. முன்பக்கத்தில் எழுத்தே இல்லாததால் ஒரே படத்தைத் தமிழ், சிங்கள, ஆங்கில வகுப்புகள் மூன்றும் பாவிக்கலாம். அது பெரிய வசதிதான். ஆனால் வசனத்தைத் தனித்தனித் தாளில் கொடுத்து, வேண்டியதை முதுகில் ஒட்டச் சொல்லியிருக்கலாம்.

எழுத்தின் அளவைவிட மோசம் அதன் நடை. "முன்னொரு காலத்தில் ஓர் ஊரில் வயோதிப மாது ஒருத்தி வடை சுட்டு விற்றுத் தன் சீவியத்தை நடத்தி வந்தாள்" என்று தொடங்குகிறது. எண்ணெய்ச் சட்டி படத்தில் கொதித்துக்கொண்டிருக்க, சீவியம் யாருக்கு வேண்டும்? "ஒரு பாட்டி. ஒரு சட்டி. வடையைப் போட்டா... ஸ்ஸ்ஸ்!" அவ்வளவு போதும். அந்த "ஸ்ஸ்ஸ்" பிள்ளைகளின் வேலை. இரண்டாம் வடைக்கு அவர்களே போடுவார்கள். படத்தில் தெரிவதை வாயால் திரும்பச் சொல்லக்கூடாது. மணம், சத்தம், மனதுக்குள் ஓடும் நினைப்பு, இவைதான் வாய்க்குரியவை. ஓர் அட்டைக்கு 30 முதல் 40 சொல், அரை நிமிடம். 12 அட்டையும் ஆறேழு நிமிடத்தில் முடிய வேண்டும். மூன்று வயதுக்காரருக்கு எட்டு அட்டை காணும்.

நரியின் பேச்சை "காக்கா அண்ணை, ஒருக்காப் பாடிக் காட்டுங்கோவன்" என்று யாழ்ப்பாணத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தவர் நிறைய இருக்கும் வெள்ளவத்தையில் எடுபடும். ஆனால் கொழும்பின் மறுபக்கத்துக் கொட்டாஞ்சேனை வகுப்பொன்றில் மலையகப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். சொல்பவர் தன் வாயில் வரும் தமிழிலேயே நரியைப் பேசவிடுவதுதான் சரி. ஒவ்வோர் அட்டையிலும் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் மனனம் செய்து, நடுவை முகங்களைப் பார்த்துச் சொல்லலாம். பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து வாசிப்பவருக்கு இந்த மேடை ஒரு சதத்துக்கும் பயன்படாது. பக்கத்தில் முகம் தெரிய நிற்க வேண்டும்.

காகக் கதையின் பன்னிரண்டாம் அட்டை: "நீதி: புகழ்ச்சிக்கு மயங்காதே." வண்ணக் கட்டத்துக்குள் வேறு. இதைத் தூக்கிவிடுங்கள். ஆனால் அப்படியே எறிந்தால் அதன் முதுகிலுள்ள முதற்பட வசனமும் போய்விடும். அதைப் படியெடுத்துப் பதினோராம் அட்டையின் முதுகில் ஒட்டிவிட்டு எறிய வேண்டும்.

பிள்ளைகளைப் பாயில் இருத்தினால் மேடை 75 செ.மீ. உயர மேசையில் இருக்கலாம். முதல் வரிசைக்கு ஒன்றரை மீற்றர், கடைசி வரிசைக்கு நாலு மீற்றர். 25 பேருக்கு மேல் வேண்டாம். மேடைக்குப் பின்னால் யன்னல் இருந்தால் படம் இருண்டுவிடும். கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட என்றால், ரயில் வரும்போது இழுத்த கையை அப்படியே பாதியில் நிறுத்திக் காத்திருக்கலாம், குரலை உயர்த்திப் போட்டி போடத் தேவையில்லை. தொடக்கத்துக்கு இரண்டு சிரட்டையைத் தட்டி, மூன்று கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்தாலே சத்தம் அடங்கும். வீட்டில் ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளைக்கென்றால் இதை வாங்கத் தேவையில்லை. மடியில் வைத்துப் படப்புத்தகம் வாசிக்கலாம்.

அட்டைகளுக்குப் படப்பக்கம் மட்டும் லமினேட் செய்திருக்கிறார்கள். கொழும்பு ஈரக்காற்றில் முதுகு மட்டும் ஈரத்தைக் குடித்து விரிய, அட்டை படப்பக்கமாக வளைந்து காடிக்குள் சிக்கும். இரண்டு பக்கமும், அதுவும் பளபளப்பில்லாத மட் லமினேஷன் கேட்டு வாங்க வேண்டும். பாவித்த பிறகு இரண்டு பிளைவூட் துண்டுகளுக்கிடையில் வைத்துக் கட்டி வைக்கலாம். வாங்கிய அன்றே 12 முதுகையும் போட்டோகொப்பி எடுத்துக் கோவையில் போட்டுவிடுங்கள். ஐந்தாம் அட்டை தொலைந்தால் போவது ஐந்தாம் படம் மட்டுமல்ல, ஆறாம் படத்தின் வசனமும்தான்.