44 அ-வா, 44 ஆ-வா: மார்த்தாண்டத்தில் ஒரு பிரவுசிங் சென்டர்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு சந்துக்குள் இருக்கிற கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், கிறுகிறுவென்று சத்தம் போடும் ஃபேன், அவ்வளவுதான். உட்கார ஒரே ஒரு ஸ்டூல். இதற்கெல்லாம் ரிவியூவா என்று கேட்கலாம், ஆனால் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் யாரையும் நிம்மதியாகச் சோறு தின்ன விடாத ஒரு விஷயம் அங்கேதான் முடிந்தது.

தங்கச்சி பிளஸ் டூ. வரலாறு தேர்வில் 41 முதல் 47 வரை ஐந்து மதிப்பெண் கேள்விகள், எல்லாவற்றிலும் அ அல்லது ஆ, ஒன்றை எழுதினால் போதும். இவள் 45 ஆ-வை முதலில் எழுதிவிட்டு 44-க்கு வந்திருக்கிறாள். எழுதியது உப்புச் சத்தியாகிரகம், அதாவது அ. ஓரத்தில் நம்பர் போடும்போது கை பழைய ஞாபகத்தில் 44 ஆ என்று போட்டுவிட்டதோ என்று சந்தேகம். ஆ-வில் இருந்தது பிரெஞ்சுப் புரட்சி. 1930, சபர்மதி, தண்டி, காந்தியோடு நடந்த 78 பேர், நம்மூர்ப் பக்கம் வேதாரண்யத்துக்கு ராஜாஜி நடந்தது என்று எழுதினதெல்லாம் பிரெஞ்சுப் புரட்சிக்கான விடை என்று திருத்துகிறவர் நினைத்து முட்டை போட்டுவிடுவாராம்! போட்டாளா இல்லையா என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, அதுவும் தெரியாது. சாமித்தோப்புப் பக்கம் போனால் உப்பளத்தைப் பார்த்ததுமே முகம் சுண்டிவிடும்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. வரலாறு 81. அக மதிப்பீடு 10 போக எழுத்துத் தேர்வில் 71. இவள் போட்டு வைத்திருந்த கணக்குக்கு சரியாக ஐந்து குறைவு, அப்புறம் கேட்கவா வேண்டும். பக்கத்து வீட்டு மாமா உடனே மறுகூட்டலுக்குப் போடு என்றார். வேறொரு கடையில் விசாரித்தபோது மறுமதிப்பீட்டுக்கே நேராகப் போட்டுத் தருகிறோம், சர்வீஸ் சார்ஜ் தனி என்றார்கள்.

இந்தக் கடை அண்ணன்தான் பொறுமையாகச் சொன்னார். "மக்ளே, முதல்ல விடைத்தாள் நகலுக்கு உன் ஸ்கூல்லயே போய்ப் போடு, 275 ரூவாதான். கையில பேப்பர் வரட்டும், பாத்துட்டு மறுமதிப்பீடு வேணுமான்னு யோசி, அதுக்கு 505. பாக்காமலே காசை எதுக்குக் கொண்டு கொடுக்கணும்?" நகல் வாங்கினவர்களுக்குத்தான் மறுமதிப்பீடு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். இவ்வளவு சொல்லிவிட்டு அன்றைக்கு எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை.

நகல் வந்துவிட்டது என்று அறிவிப்பு வந்ததும் பதிவெண், பிறந்த தேதியோடு போனோம். டவுன்லோட் ஆனதும் பிரிண்ட் எடுக்கப் போகிறார் என்று பார்த்தால், மானிட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "முழுசும் எதுக்கு, உனக்கு வேண்டிய பக்கத்தைக் காட்டு" என்றார். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் திருத்தின சிவப்பு மையும் இவள் எழுதின நீல மையும் ஒன்று போலத் தெரியுமாம். தங்கச்சி மவுஸை உருட்ட உருட்ட எனக்கே வயிறு கலங்கியது.

ஓரத்தில் 44 ஆ. போட்டுத்தான் இருக்கிறாள். அந்த ஆ-வைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் சின்னதாக ஒரு அ, அதற்குக் கீழே 4. யாரோ ஒரு ஆசிரியர் முழுசும் படித்துப் பார்த்துத்தான் மதிப்பெண் போட்டிருக்கிறார். எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன், எங்களுக்கு நடந்தது. மிச்ச நான்கு எங்கே போனது என்று தேடினால், கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன் என்று சொன்னாளே, அந்த ஒரு மதிப்பெண் பகுதியில் நான்கு தப்பு. இரண்டு மாதத்தில் அதைப் பற்றி ஒரு நாள்கூட அவள் கவலைப்படவில்லை!

அந்த ஒரு பக்கத்தையும் மொத்த மதிப்பெண் பக்கத்தையும் மட்டும் கலரில் எடுத்தோம், இருபது ரூபாய். 505 மிச்சம்.

குறை இல்லாமல் இல்லை. ரிசல்ட் சமயத்தில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும், கரண்ட் போனால் யுபிஎஸ் கிடையாது, மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். இன்னொன்று, டவுன்லோட் ஆன ஃபைல்களை அவராக அழிப்பதில்லை. எங்களுடையதைத் தேடும்போது வேறு யார் யாருடைய விடைத்தாளோ வரிசையாகக் கிடந்தது. சொன்னதும் சிரித்துக்கொண்டே அழித்தார், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்துக் காலி செய்யச் சொல்லி நான் பக்கத்திலேயே நின்றேன். நீங்களும் நில்லுங்கள்.