ஏஜென்ட் கையில் கம்பைலரைக் கொடுத்த பிறகு

ஏஐ ஏஜென்ட் எழுதும் நிரல் கம்பைல் ஆகிறதா, அதாவது நிரலைச் சரிபார்த்து மாற்றும் கம்பைலர் அதைப் பிழையின்றி ஏற்கிறதா என்று அதையே சோதிக்க வைக்கும் சின்னக் கருவி ஒன்றை ரொம்ப நாளாகப் பயன்படுத்துகிறேன். திறந்த மூலத்தில் கிடைக்கும் எம்சிபி சர்வர் அது; ஏஜென்ட் வெளிக் கருவிகளை அழைப்பதற்கான பொது நெறிமுறைதான் எம்சிபி. உள்ளே ஓடுவது, நம் எடிட்டரில் நிரலைப் படித்துப் பிழைகளைச் சொல்லும் அதே லாங்குவேஜ் சர்வர்தான். டைப்ஸ்கிரிப்ட், ரஸ்ட் என்ற இரண்டு நிரல் மொழிகள் கலந்த ப்ராஜெக்ட்டில் தினமும் வேலை வாங்கியிருக்கிறேன். நீங்களும் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். ஆனால் அது சொல்லும் "பிழை இல்லை" என்ற பதிலை எப்போது நம்புவது என்று தெரியாமல் போட்டால், இல்லாததைவிட மோசம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டைப்பில் (தரவின் வகையை வரையறுப்பது) தேதி என்ற புலம் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, இருந்தது. அதை டேட் ஆக மாற்றச் சொன்னேன். கருவி இல்லாத காலத்தில் ஏஜென்ட் கண்ணில் பட்ட கோப்புகளை மட்டும் திருத்திவிட்டு "முடிந்தது" என்று நிற்கும். இப்போது மாற்றிய கையோடு சோதிக்கிறது. டிஎஸ்2322, டிஎஸ்2345 என்று டைப் பொருந்தாத பிழைகள் வரிசையாக வருகின்றன. அது திறந்தே பார்க்காத கோப்புகளின் பெயரும் வரி எண்ணும் அதில் இருக்கின்றன. போய்த் திருத்துகிறது, மறுபடி சோதிக்கிறது. நான் நடுவில் பிழைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரர் வேலை பார்ப்பது நின்றுவிட்டது.

சரி, சிக்கல் எங்கே? எடிட்டரும் லாங்குவேஜ் சர்வரும் பேசிக்கொள்ளும் விதியான லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை மைக்ரோசாஃப்ட் 2016-ல் அறிவித்தபோது, எதிரே எடிட்டரும் அதில் தட்டச்சு செய்யும் மனிதரும் இருப்பதாக வைத்துத்தான் வடிவமைத்தார்கள். எழுத்து மாறினால் எடிட்டர் சர்வருக்குச் சொல்லும்; சர்வர் தனக்குத் தோதான நேரத்தில் பிழைப் பட்டியலை அனுப்பும். பிழையைக் காட்டும் சிவப்புக் கோடு இரண்டு நொடி தாமதமாக வந்தால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. ஏஜென்ட் அப்படியில்லை. நேராக டிஸ்க்கில் எழுதுகிறது, உடனே ஒரே ஒரு தடவை கேட்கிறது, பதிலை வைத்து அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. கோப்பு மாறியதைக் கருவி சர்வருக்குச் சொல்லாவிட்டால், சர்வர் பழைய எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். சொல்லியிருந்தாலும், புதிய பட்டியல் வருவதற்குள் கேட்டால் கையில் இருப்பது காலிப் பட்டியல். அந்தக் காலிக்குப் பிழை இல்லை என்று அர்த்தமா, இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தமா? நான் ஆரம்பத்தில் பயன்படுத்திய பதிப்புக்கு இந்த வித்தியாசமே தெரியாது. இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

2022-ல் வந்த 3.17 பதிப்பு, பிழைகளைக் கேட்டு வாங்கும் வசதியைப் புரோட்டோகாலிலேயே சேர்த்தது. அதை ஆதரிக்கும் சர்வரோடு, அதைப் பயன்படுத்தும் கருவியைத் தேர்ந்தெடுத்தால் பாதித் தலைவலி தீரும். ரஸ்ட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அதன் லாங்குவேஜ் சர்வரான ரஸ்ட்-அனலைசர் தானாகக் கண்டுபிடிப்பது சில பிழைகளைத்தான். மதிப்பு யார் கையில் இருக்கிறது, யார் இரவல் வாங்குகிறார்கள் என்று பார்க்கும் பாரோ செக்கரின் பிழைகளெல்லாம், கோப்பைச் சேமித்ததும் அது பின்னணியில் ஓட்டும் கார்கோ செக் என்ற சோதனைக் கட்டளையிலிருந்து வருபவை. சேமித்த செய்தி சர்வருக்குப் போகாவிட்டால் கைமாறிவிட்ட மதிப்பை மறுபடி பயன்படுத்தும் ஈ0382 பிழை கண்ணிலேயே படாது. அதனால் ரஸ்ட்டுக்கு மட்டும் லாங்குவேஜ் சர்வரை விட்டுவிட்டு, கார்கோ செக்கையே நேரடியாக ஓட்டும்படி மாற்றிவிட்டேன். கொஞ்சம் மெதுவுதான், ஆனால் பழைய பதிலைச் சொல்லாது.

அதிலும் கட்டளையோடு ஆல்-டார்கெட்ஸ் ஃபிளாக்கை (கூடுதல் விருப்பக் குறியை) போட மறக்காதீர்கள். போடாவிட்டால் டெஸ்ட் கோப்புகளைக் கார்கோ செக் தொடாது. ஃபங்ஷனின் ஆர்க்யுமென்ட் மாறி டெஸ்ட்டெல்லாம் உடைந்து கிடக்கும்போதும் ஏஜென்ட் சந்தோஷமாக இருக்கும். கார்கோ செக் இயந்திர மொழியை உருவாக்கும் கோட் ஜெனரேஷன் வரை போவதில்லை என்பதால், அந்தக் கட்டத்திலும் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க்கிங்கிலும் வரும் பிழைகளும் தெரியாது. மாற்றங்களைப் பதிவுசெய்யும் கமிட்டுக்கு முன் ஒரு முழு பில்ட் வேண்டும்.

அப்புறம், ஏஜென்ட்டின் கள்ளத்தனம். பிழை எண்ணிக்கை பூஜ்யமாவதுதான் வெற்றி என்று காட்டிவிட்டால், அது குறுக்கு வழியில் பூஜ்யத்துக்குப் போகும். டைப்ஸ்கிரிப்ட்டில் எந்த டைப்பானாலும் சரி என்று விட்டுவிடும் "அஸ் எனி" என்று மாற்றும், பிழையை மறைக்கும் டிஎஸ்-இக்னோர் கமென்ட்டை வைக்கும். ரஸ்ட்டில் போகிற வழியெல்லாம் மதிப்பை நகலெடுக்கும் குளோன் போடும். ரொம்ப முடியாமல் போனால் ஃபங்ஷனுக்குள் "இன்னும் எழுதவில்லை" என்று குறிக்கும் டூடூ மேக்ரோவை வைத்துவிடும். அது எந்த டைப்போடும் பொருந்திக்கொள்ளும் என்பதால் கம்பைலரும் தலையாட்டிவிடும், ஓட்டும்போதுதான் பேனிக் ஆகி நிற்கும். "இப்படிச் செய்யாதே" என்று அறிவுறுத்தல் கோப்பில் எழுதிப் பார்த்தேன். பேச்சு நீளநீள மறந்துவிடுகிறது. நிரலில் தவறான பழக்கங்களைப் பிடிக்கும் கருவிகளில், டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட்டின் எனி தடை விதியையும், ரஸ்ட்டுக்கான கிளிப்பியின் டூடூ விதியையும் பிழையாக உயர்த்தி, அதே சோதனைக்குள் சேர்த்த பிறகுதான் அடங்கியது.

டோக்கனை (ஏஐ படிக்கும் எழுத்தை அளக்கும் அலகை) மிச்சப்படுத்தப் பிழைச் செய்தியைச் சுருக்கும் அமைப்பும் கருவியில் இருக்கிறது. டைப்ஸ்கிரிப்ட்டுக்கு அது நல்லது. உள்ளுக்குள் உள்ளாக நீளும் டைப் விவரங்களில் பாதி தேவையில்லாதவை. ரஸ்ட்டில் சுருக்காதீர்கள். "ஹெல்ப்" என்று கம்பைலர் கடைசியில் சொல்லும் வரியில்தான் பல சமயம் விடையே இருக்கிறது. அதை வெட்டிவிட்டு ஏஜென்ட்டை ஊகிக்கவிடுவது கூடுதல் செலவு.

சி++ ப்ராஜெக்ட்டில் ஒவ்வொரு கோப்பையும் எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் கம்பைல்-கமாண்ட்ஸ் கோப்பு சரியாக உருவாகவில்லை என்றால், அந்த மொழியின் லாங்குவேஜ் சர்வரான கிளாங்டி ஹெடர் கோப்புகளைத் தேடித் தவிக்கும். ஏஜென்ட் அந்தப் போலிப் பிழைகளைத் திருத்தக் கிளம்பிவிடும். அங்கே நான் இதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

ஒரே ரஸ்ட் ப்ராஜெக்ட்டில் இரண்டு ஏஜென்ட்டுகளை ஓட்டுகிறவர்கள் கம்பைல் செய்தவற்றை வைக்கும் டார்கெட் ஃபோல்டரை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் பில்ட் லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடலாம் என்ற பூட்டுக்காக) ஒன்று மற்றொன்றுக்குக் காத்திருக்கும். கருவியின் டைம்-அவுட் அதற்குள் தீர்ந்துவிடும். டிஸ்க் இடம்தான் கணிசமாகப் போகும்.